பலகையில் எழுதாத திருத்தம்

27 செப்டம்பர் 1991, வெள்ளிக்கிழமை
காலை மணி 10.20

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் நேற்று, வியாழன் பிற்பகல், வந்து சேர்ந்தது. படகு நின்றுபோனதால் தபால் இப்போது ஏரியைச் சுற்றிப் பேருந்தில் வருகிறது. நீங்கள் நாற்பது நிமிடத்தில் கடக்கும் தண்ணீரைக் கடிதம் இரண்டு மூன்று நாளில் சுற்றி வருகிறது. நீங்கள் ‘22, திங்கள்’ என்று தேதியிட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை 23ஆம் தேதி. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் இருக்கும் நிலையில் யாருக்கும் நாள் பிசகும். ஆனால் விசாரணை அதிகாரியிடம் கொடுக்கும் தாள்களில் இந்தப் பிசகு நேர்ந்துவிடக் கூடாது. தேதியில் தவறியவன் எதிலும் தவறுவான் என்று எண்ணும் ஆட்கள் அவர்கள். நானும் அப்படி எண்ணுகிறவன்தான்.

தோள்பட்டைக் கட்டை எப்போது பிரிக்கிறார்கள்? என் மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? பேரப்பிள்ளைகள் இருவரையும் கொஞ்ச நாளைக்குத் துறைப் பக்கம் விடாதீர்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்.

இங்கே ஊர் பேசுவதை ஒளிக்காமல் எழுதுகிறேன். 18ஆம் தேதி புதன்கிழமை படகு கவிழ்ந்தபோது பத்தொன்பது பயணிகளில் பதினெட்டுப் பேரை நீங்கள் மீட்டீர்கள் என்று பாதி ஊர் பேசுகிறது. மீட்க முடியாமற்போன தையற்காரம்மாவைப் பற்றி மறுபாதி பேசுகிறது. முடிதிருத்தும் கடையில் என் பக்கத்து நாற்காலிக்காரர், “வானத்தைப் படிக்கிற மாமனாரு, தண்ணியைப் படிக்கிற மாப்பிள்ளை, ரெண்டு பேரும் சேர்ந்து ஃபெயிலு” என்றார். கடைக்காரர் அவர் காதோரம் கத்தியை வைத்து, “தலையை ஆட்டாதீங்க” என்றார்.

என் ஆயிரத்தைந்நூறாவது வார வானிலைக் கணிப்புக்காக 21ஆம் தேதி நடக்கவிருந்த பாராட்டுக் கூட்டம் நிறுத்தப்பட்டது. பத்திரிகை ஆசிரியர் அதை அக்டோபர் 12இல் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மேகம் எப்படித் திடீரென்று வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். மேகம் எங்கிருந்தோ புறப்பட்டு வரும் விருந்தாளி அல்ல. வெயிலில் ஏரிநீர் ஆவியாகிச் சூடான காற்றோடு மேலே போகிறது. போகப் போகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியைத் தாங்க முடியாது. அது துளியாக வேண்டும். ஆனால் பற்றிக்கொள்ள ஏதுமின்றி ஆவி துளியாகாது. அடுப்புப் புகையோ சாலைப் புழுதியோ, ஒரு தூசு வேண்டும். துளியாகும்போது ஆவி தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது. அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. இப்படித் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு வளர்வதே இடிமேகம். நாற்பது நிமிடம் போதும்.

வேறு எழுதத் தோன்றவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் மாமா


1.10.91, செவ்வாய்
(காலண்டரைப் பார்த்துத்தான் எழுதினேன்)

அன்புள்ள மாமாவுக்கு,

கட்டு இன்னும் பத்து நாள் இருக்கணுமாம். இடது கையால தாளை அழுத்திப் பிடிக்க முடியலை, அதான் வரி கோணலா போகுது. உங்க மகள் சமைக்கிறா, பரிமாறுறா. சாப்பிட்டதை மட்டும் நான் பார்க்கலை. சின்னவன் தினமும் “படகு எப்போ தூங்கி எழுந்திருக்கும்?”னு கேக்கிறான்.

மாமா, நடந்ததை உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அன்னைக்கு ரெண்டே முக்கால் மணிக்கு உங்க ஊர்த் துறையில கயிறு அவிழ்த்தேன். வடமேற்கில கறுப்பா திரண்டு நின்னுது. பார்த்தேன். பதினேழு வருஷமா படகு ஓட்டுறவனுக்குக் கண்ணு தெரியாதா? ஒரு நிமிஷம் கயிறைக் கையிலயே வெச்சுக்கிட்டு உங்க பலகையைத் திரும்பிப் பார்த்தேன். கணிப்பு மாறினா நீங்க நேர்ல வந்து சாக்பீஸால ‘திருத்தம்’னு எழுதுவீங்களே, அந்தப் பலகை. கொட்டுற மழையில குடை பிடிச்சுட்டு வந்துகூட எழுதினவர் நீங்க. பலகை துடைச்சு வெச்ச மாதிரி இருந்தது. சரி, மாமா பார்க்காததா நாம பார்த்துட்டோம்னு நினைச்சேன்.

தையற்காரம்மா துணிமூட்டையை உள்ளே தள்ளிட்டு, “தம்பி, இருட்டிட்டு வருதே, நான் வேணா அடுத்த நடையில வரட்டுமா?”ன்னு கேட்டாங்க. சுக்கான் பக்கத்துல ஒட்டியிருந்த பத்திரிகைத் துண்டை நான் காட்டினேன். ‘எண் 1500. 15 ஞாயிறு முதல் 21 சனி வரை. வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் சிறு பஞ்சு மேகங்கள் தோன்றிக் கலையும். ஏரி அமைதியாக இருக்கும். துணி உலர்த்தவும் பயணத்துக்கும் உகந்த வாரம்.’ “எங்க மாமா எழுதினா மழையே யோசிச்சிட்டுத்தாங்க வரும்”னு சொன்னேன். அவங்க உட்கார்ந்துட்டாங்க.

மத்தது உங்களுக்குத் தெரியும்.

விசாரணை 17ஆம் தேதி வியாழன். கவனக்குறைவுன்னு முடிவானா லைசென்ஸ் போயிடும், கேஸ் கோர்ட்டுக்குப் போகும், ரெண்டு வருஷம் உள்ளேன்னு வக்கீல் சொல்றார். அவருக்கு இருக்கிற ஒரே பிடி நீங்கதான். மேகம் எப்படி உருவாகும், இந்த மாதிரி மேகத்தை முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாதுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா போதுமாம். இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல ஒரு வாரம் விடாம எழுதின கை அது, அதிகாரியே மதிப்பார்னு சொல்றார்.

கை ஓடலை கால் ஓடலை மாமா. சீக்கிரம் எழுதுங்க.

உங்கள் மாப்பிள்ளை


5 அக்டோபர் 1991, சனிக்கிழமை
பிற்பகல் மணி 3.05

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் வக்கீல் கேட்ட அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினான்கு பத்திகள். ஆவி எழுவதில் தொடங்கி, துளி பிறப்பது, துளியின் சூட்டால் மேகம் உயர்வது, உச்சியில் அதற்குமேல் போக வழியின்றிக் கொல்லன் பட்டறைக்கல்லைப் போலப் பக்கவாட்டில் பரவுவது, பிறகு குளிர்ந்த காற்று ஒரே அடியாகக் கீழே இறங்கி நீரைப் புரட்டுவது வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எந்த வாக்கியத்தையும் எவரும் மறுக்க முடியாது.

நேரில் வர இயலாது. ஏரியைச் சுற்றி ஆறு மணி நேரப் பயணத்தை என் முழங்கால் தாங்காது. அறிக்கையில் கையொப்பமும் தேதியும் உள்ளன. அதுவே போதும்.

இந்த வாரம் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு மந்தம். மகளிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மாமா


9.10.91, புதன்

அன்புள்ள மாமாவுக்கு,

அறிக்கை வந்தது. வக்கீல் படிச்சிட்டு, “இவரு பேசுறதைக் கேட்டா மேகத்து மேலயே கேஸ் போடலாம் போல இருக்கே”ன்னு சிரிச்சார். மூணு வாரத்துல முதல் தடவையா நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து உங்க மகளுக்குச் சத்தமா படிச்சுக் காட்டினேன். பதினாலு பத்தியும். எனக்கு அவ்வளவு பெருமை.

அவ துணி மடிச்சிட்டே கேட்டா. முடிஞ்சதும், “அப்பா நடுவிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கார்”னா. எனக்குப் புரியலை. “இடிமேகத்தைப் பத்தி எழுதினா அப்பா எப்பவும் கீற்று மேகத்துலதான் ஆரம்பிப்பார். ரெண்டு மூணு நாள் முன்னாடியே வானத்து உச்சியில மெல்லிசா இழை இழையா வரும், அதுதான் முதல் தகவல்னு எழுதுவார். கல்யாணத்துக்கு முன்னாடி வாராவாரம் அவருக்குப் படியெடுத்துக் கொடுத்தவ நான். அந்தப் பத்தி எங்கே?”ன்னு கேட்டா. வயசாச்சு, விட்டுப் போயிருக்கும்னேன். “எங்கப்பாவுக்கா?”ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னா.

இன்னொண்ணு. விசாரணை அலுவலகத்துலேர்ந்து இன்னைக்கு ஒரு தாள் வந்திருக்கு. செப்டம்பர் 11லேர்ந்து 18 வரை உங்க நாட்குறிப்புப் பக்கங்களைக் கேக்கிறாங்க. அது இருந்தா கேஸ் இன்னும் பலமாகும்னு வக்கீலும் சொல்றார். உடனே அனுப்பி வைங்க மாமா. ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுக் கையெழுத்து வேணுமாம்.

உங்கள் மாப்பிள்ளை

பி.கு: அவ கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க. தூக்கம் இல்லாம பேசுறா.


12 அக்டோபர் 1991, சனிக்கிழமை
காலை மணி 7.15

மாப்பிள்ளை,

நாட்குறிப்பில் அந்தப் பக்கங்கள் இல்லை. 11 புதன் முதல் 18 புதன் வரை எட்டுப் பக்கங்களும் வெறுமையாக இருந்தன. 22 டிசம்பர் 1962 சனிக்கிழமை என் முதல் கணிப்பு வெளியானது. அன்று தொடங்கி, உங்கள் அத்தை இறந்த நாள் உட்பட, நான் வானத்தைப் பார்த்து எழுதாத நாள் இல்லை. அந்த எட்டு நாட்களைத் தவிர.

என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். பாராட்டுக் கூட்டத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுக்க, ஆயிரத்தைந்நூறு கணிப்புகளுக்கும் ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தேன். எண், தேதி, கிழமை, பலித்ததா இல்லையா. யாரும் அதைக் கேட்கவில்லை. பின்கட்டு அறையில் இருபத்தெட்டு வருடத் தாள்களையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதன் நண்பகலுக்குள் அச்சகத்துக்கு 1500ஆம் கணிப்பைக் கொடுத்தாக வேண்டும். எழுந்து போய் வானத்தைப் பார்க்க மனம் வரவில்லை. அப்போதுதான் அட்டவணையில் ஒன்று கண்ணில் பட்டது. 1985ஆம் ஆண்டும் இந்த ஆண்டும் நாளுக்கு நாள், கிழமைக்குக் கிழமை ஒன்றாகவே ஓடுகின்றன. 14 செப்டம்பர் 1985, அதுவும் சனிக்கிழமை. எண் 1187. தேதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அதன் பொருத்தத்தில் மயங்கிப்போனேன். அவ்வளவு கச்சிதமாகத் தேதி பொருந்துகிற வாரத்தில் வானமும் பொருந்தாமலா போகும் என்று, அறிவுள்ள எவனும் எண்ணாததை நான் எண்ணினேன். அந்தப் பழைய கணிப்பையே எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினேன். அந்தத் தாள் என் மகளின் கையெழுத்தில் இருந்தது.

இதையாவது தவறு எனலாம். அடுத்து எழுதுவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. 16ஆம் தேதி திங்கள் காலை அறைக்குள் காற்று புகுந்து தாள்களைக் கிளப்பியது. அந்த ஜன்னல் வடமேற்கைப் பார்த்தது. அந்த மாதத்தில் அந்தத் திசையிலிருந்து காற்று வரக் கூடாது. வந்தால் என்ன பொருள் என்று இந்த ஊரில் நன்றாகத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். செவ்வாயன்று கொக்கி ஆடியது. ஒரு துண்டுத் துணியை மடித்து அதில் செருகினேன். புதன்கிழமை நீங்கள் கயிறு அவிழ்த்த நேரத்தில் நான் 1203ஆம் எண்ணின் கிழமையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். துறைக்கு என் வீட்டிலிருந்து பதினொரு நிமிட நடை. சாக்பீஸ் சட்டைப் பையிலேயே இருந்தது.

என் மகள் சொன்ன பத்தி விட்டுப்போகவில்லை. எழுதினேன். பிறகு எடுத்துவிட்டு எஞ்சிய பத்திகளுக்கு எண்ணை மாற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் ஒரே பார்வையில் தோண்டி எடுத்துவிட்டாள்.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. உங்கள் கடிதம் வந்ததும், நேற்றுப் பிற்பகல் இரண்டு மணி முதல் நாலரை வரை உட்கார்ந்து எட்டுப் பக்கங்களையும் நிரப்பினேன். பழைய பேனா, பழைய மை. வெப்பநிலை, காற்றின் திசை, எல்லாம் எழுதினேன். திங்களுக்கு ‘வானம் தெளிவு’ என்று எழுதினேன். கை நடுங்கவே இல்லை, மாப்பிள்ளை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது நானே நம்பினேன். அப்போதுதான் பயந்தேன். அந்த எட்டுப் பக்கங்களையும் கிழித்தெடுத்து இந்த உறையில் வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் திரும்பவும் நம்பிவிடுவேன்.

17ஆம் தேதி நான் நேரில் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் உங்களை விட்டுவிடுவார்கள்.

மாமா


15.10.91
பஸ் டிரைவர் கையில கொடுத்து அனுப்புறேன், இன்னைக்கே கிடைக்கணும்

மாமா,

வராதீங்க.

நேத்து உங்க கடிதத்தோட வக்கீல்கிட்ட ஓடினேன். அவர் படிச்சிட்டுக் கதவைச் சாத்தினார். “உங்க மாமனார் உங்களைக் காப்பாத்த வரலை, கட்டிப்போட வர்றார்”னார். ரெண்டு மூணு நாள் முன்னாடியே அடையாளம் வானத்துல இருந்துதுன்னு நீங்க சொன்னா, தலையைத் தூக்கின எவனுக்கும் தெரிஞ்சிருக்கும்னு ஆயிடும். அப்போ படகுக்காரன் ஏன் போனான்னு கேப்பாங்க. பத்திரிகையில ஒரு பெரியவர் எழுதுறது சட்டமா, உன் கண்ணு எங்கே போச்சுன்னு கேப்பாங்க. யாருக்கும் தெரியாதுங்கிற ஒரே வழிதான் எனக்கு இருக்கு. அதை நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க. அப்படியே இருக்கட்டும்.

உங்க மேல எனக்கு வர்ற கோபத்தை எங்கே வெக்கிறதுன்னு தெரியலை. அதைப் பத்தி அப்புறம் பேசலாம். ரெண்டு பிள்ளைங்க இருக்கு மாமா. காலைத் தொட்டுக் கேக்கிறேன். பக்கங்கள் தொலைஞ்சு போச்சுன்னு ஒரு வரி எழுதிட்டு வீட்டுலயே இருங்க.

அவளுக்கு இன்னும் காட்டலை.

மாப்பிள்ளை


23.10.91, புதன்

ஐயா அவர்களுக்கு,

நீங்க வந்தீங்க. காலையில ஒன்பதரைக்கே விசாரணை அலுவலக நடைக்கூடத்து பெஞ்சில உட்கார்ந்திருந்தீங்க. முழங்காலைத் தடவிட்டிருந்தீங்க. உங்களைப் பார்த்ததுமே வக்கீல் ஃபைலை மூடிட்டார்.

நீங்க பேசினது முழுக்க எனக்கு ஞாபகம் இருக்கு. “கீற்று மேகம் எப்போது தெரிந்திருக்கும்?”னு அதிகாரி கேட்டார். “ஞாயிறு மாலை முதல். பார்த்திருந்தால். நான் பார்க்கவில்லை”ன்னு சொன்னீங்க. அப்புறம் அவர் என் பக்கம் திரும்பி, “நீங்க பார்த்தீங்களா?”ன்னார். வக்கீல் மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சார். எதிர்ல தையற்காரம்மாவோட வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டையில ரெண்டு பித்தான் இல்லை. பித்தான் இல்லாத சட்டையை அந்த வீட்டுல அதுக்கு முன்னாடி யாரும் போட்டிருக்க மாட்டாங்க. “பார்த்தேன்”னு சொல்லிட்டேன்.

வெளியே குழாயடியில தையற்காரம்மா வீட்டுக்காரர் முகம் கழுவிட்டிருந்தார். என்னை அடிப்பார்னு நினைச்சேன். “அவ பயந்தாளா?”ன்னு மட்டும் கேட்டார். கிளம்பும்போது சிரிச்சிட்டு இருந்தாங்கன்னேன். எதுக்குச் சிரிச்சாங்கன்னு கேட்டார். அந்த மழை ஜோக்கை அவர்கிட்டத் திரும்பச் சொன்னேன். வாழ்க்கையில நான் செஞ்சதுலயே கஷ்டமான காரியம் அதுதான்.

நீங்க படிக்கட்டிலேர்ந்து கூப்பிட்டது காதுல விழுந்தது. திரும்பலை.

லைசென்ஸ் ரத்து. கேஸ் கோர்ட்டுக்குப் போகுது. நீங்க உண்மையைச் சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்லை. தள்ளிச் சொன்னதுக்குத்தான். முதல் கடிதத்துலயே சொல்லியிருந்தா, நானே அன்னைக்கே அதிகாரிகிட்டப் போய்ப் பார்த்தேன்னு சொல்லியிருப்பேன். திங்கள் 23ஆம் தேதின்னு திருத்தத் தெரிஞ்சுது உங்களுக்கு. பதினாலு பத்தி எழுதி என் கையில கொடுத்தீங்க. அதை நான் அவளுக்குப் பெருமையா படிச்சுக் காட்டினேன்.

அவகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். 1187ன்னு எண்ணைக் கேட்டதும், “என் கையெழுத்தா?”ன்னா. ஆமான்னேன். எழுந்து போய்ப் பிள்ளைங்களுக்குத் தலை வாரினா. வாரின தலையையே திரும்பத் திரும்ப வாரினா.

இனிமே எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
படகுக்காரன்


12 மார்ச் 1992, வியாழக்கிழமை
காலை மணி 11.40

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

அப்படி அழைக்கும் உரிமை எனக்கு இல்லையென்றாலும், வேறு எப்படி அழைப்பது என்று அறியாமல் எழுதுகிறேன். அக்டோபர் 26 முதல் கடந்த 7ஆம் தேதி வரை சனிக்கிழமைதோறும் ஒன்றாக இருபது கடிதங்கள் அனுப்பினேன். எதற்கும் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுதினால் அது பொய்.

இன்று காலைத் தபாலில் என் மகளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நான்கு வரி. “அப்பா, அவருக்கு ஒன்றரை வருஷம் தண்டனை ஆகியிருக்கிறது. நாளைக்குக் கூட்டிப் போகிறார்கள். நீங்கள் வர வேண்டாம். சொல்ல வேண்டியது கடமை என்பதால் எழுதுகிறேன்.” அட்டையில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரை மை கலைந்து படிந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன், தபால் நிலையத்துக்கு நடந்து சென்றும் கேட்டேன். மாதம் தெரிகிறது, நாள் தெரியவில்லை. “ரெண்டு நாள் ஆகியிருக்கலாம், அஞ்சு நாளும் ஆகியிருக்கலாம் பெரியவரே” என்றார் எழுத்தர். எப்படிக் கணக்கிட்டாலும் அந்த ‘நாளை’ கடந்துவிட்டது. நான் வந்து நிற்க முடியாதபடி பார்த்தே அனுப்பியிருக்கிறாள். எந்த நாளில் என் மருமகனைக் கூட்டிச் சென்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த நாளில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் தெரியாது. நாட்குறிப்பை இப்போது எழுதுவதில்லை.

சிறையில் உங்கள் கைக்குச் சேருமோ சேராதோ என்ற ஐயத்தில் இக்கடிதத்தை இரண்டு படிகளாக எழுதி, சிறைக்கும் வீட்டுக்குமாக அனுப்புகிறேன். சிறை முகவரியை இங்குள்ள காவல் நிலையத்தில் கேட்டு வாங்கினேன்.

வாரக் கணிப்பு 1504ஆம் எண்ணோடு நின்றது. இப்போது வானொலி சொல்வதைப் பத்திரிகையில் போடுகிறார்கள். ஆறு வரியில் முடிகிறது. புதிய படகுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். என்னைக் கண்டால், “என்ன பெரியவரே, போகலாமா?” என்று கேலியாகக் கேட்பார். நான் வாய் திறப்பதில்லை. சென்ற மாதம் ஒரு நாள் உச்சியில் இழைகள் தெரிந்தன. அன்றும் அவர் கேட்டார். “வேண்டாம்” என்றேன். அவர் போனார். ஒன்றும் நேரவில்லை. மாலையில் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டே கரையேறியதைப் பார்த்து, துறைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவருக்குப் பயமாகிவிட்டது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

வர வேண்டாம் என்று மகள் எழுதியிருக்கிறாள். ஆனால் அட்டையின் தலைப்பில் ‘அப்பா’ என்று எழுதியிருக்கிறாள். ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சொல் அது. அதைப் பிடித்துக்கொண்டு புறப்படுகிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். படகில் ஏற மனம் இல்லை. பிற்பகல் இரண்டு மணிப் பேருந்து. அவள் கதவைத் திறக்காவிட்டால், உங்கள் தெருக்கோடியில் சைக்கிள் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கும் அறையை எடுத்துக்கொள்வேன். பெரியவளைப் பள்ளிக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும். சின்னவனுக்கு எதையும் விளக்க மாட்டேன். அவன் கேட்டால், தெரியாது என்பேன். பார்வையாளர் நாள் எது என்று விசாரித்து, அவள் இசைந்தால், இருவரையும் அழைத்து வருவேன். நான் வெளியே நிற்பேன். என்னை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை.

இக்கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். சிறையில் மாதத்துக்கு இத்தனை கடிதம்தான் என்று அளவு வைத்திருப்பதாகக் காவல் நிலையத்தில் சொன்னார்கள். எத்தனை என்று அவர்களுக்கும் தெரியவில்லை. இருப்பது எத்தனையோ, அத்தனையையும் அவளுக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாத்தா